மூன்று மணி இருட்டு

"எனக்குள்ள ஒரே இருட்டா இருக்கு டாக்டர்" என்றுதான் அவர் தொடங்கினார். கோத்தகிரிப் பக்கத்து ஊர்க்காரர். முப்பது வருடம் பள்ளியில் தமிழ் எடுத்து ஓய்வு பெற்றவர். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வெளியே நவம்பர் மழை. ஸ்வெட்டருக்கு மேல் மப்ளர். பக்கத்தில் அவர் மனைவி, வாயே திறக்காமல்.

இலக்கியம் பிடித்த மனநல மருத்துவரிடம் இப்படி ஒருவர் வந்து சேர்வது ஆபத்து. பேனாவை மூடி வைத்துவிட்டு நான் பாட்டுக்குள் போய்விட்டேன். ஊரே தூங்க, பிரிவில் தலைவி ஒருத்தி மட்டும் விழித்திருக்கும் குறுந்தொகையின் ஆறாவது பாட்டைச் சொன்னேன்:

நள்ளென் றன்றே யாமம், சொல்அவிந்து
இனிதுஅடங் கினரே மாக்கள்; முனிவுஇன்று
நனந்தலை உலகமும் துஞ்சும்;
ஓர்யான் மன்ற துஞ்சா தேனே.

"குறிஞ்சிதானே சார், நம்ம மலைக்குன்னே எழுதின மாதிரி இருக்கு" என்றேன். "ஆமாம்மா" என்று தலையாட்டினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு வரும் வெறுமை என்று மனதுக்குள் முடிவு கட்டி, நடைப்பயிற்சி சொல்லி, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னேன்.

வாசல் வரை போன மனைவி மட்டும் திரும்பி வந்தார். "டாக்டரம்மா, இவரு தினம் மூணு மணிக்கு எந்திரிச்சு அடுப்படியில போய் உக்காந்துக்கறாரு. லைட்டுகூடப் போடறதில்ல. காபி வச்சுக் குடுத்தா அப்படியே ஆறிப்போய்க் கிடக்கு."

நோயைச் சொன்னது அவர்தான். சாரை மறுபடி உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

மனச்சோர்வு முற்றியவர்களில் பலருக்குப் படுத்ததும் தூக்கம் வந்துவிடும். வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு மணி நேரமாவது முன்னால் விழிப்பு தட்டும், அப்புறம் எத்தனை புரண்டாலும் வராது. பதற்றம் அதிகமுள்ளவர்களுக்குப் பெரும்பாலும் இது தலைகீழ்: பன்னிரண்டு, ஒன்று வரை கண் மூடாது. அதனால்தான் தூக்கம் இல்லை என்று யாராவது சொன்னால், ராத்திரியின் எந்தப் பாதியில் இல்லை என்று கேட்கிறோம். பின்னிரவில் உடம்புச் சூடு நாளிலேயே மிகக் குறைவாக இருக்கும். கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறத் தொடங்குவதும் அப்போதுதான். நிதானமாக யோசிக்கிற திறன் மங்கியிருக்கும், பயம் மட்டும் நன்றாக முழித்திருக்கும். அடைக்காத கடன், செத்துப்போன தம்பி, எப்போதோ ஒரு பையனைக் காரணமில்லாமல் அடித்தது என்று எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். சாருக்கு அந்தப் பையன்தான் வந்துகொண்டிருந்தான், தினமும்.

அன்று இரவு வீட்டில் அந்தப் பாட்டை மறுபடி படித்தேன். அதில் இருள் என்ற சொல்லே இல்லை! யாமம் இருக்கிறது, 'நள்' என்ற ஓசை இருக்கிறது, பேச்சு அவிந்துபோனது இருக்கிறது. 'முனிவு இன்று' என்கிறார் பாட்டை எழுதிய பதுமனார். உலகத்துக்கு அவள்மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை, அது பாட்டுக்குத் தூங்குகிறது. வலி முழுக்க 'ஓர்யான்' என்பதில்தான், 'நான் ஒருத்தி மட்டும்' என்பதில். அடுப்படியில் சார் உட்கார்ந்திருந்ததும் அப்படித்தான். பக்கத்து அறையில் பாசமான மனைவி, நல்ல பிள்ளைகள், எல்லோரும் தூங்குகிறார்கள். விளக்கைப் போட்டால் யாராவது எழுந்து "என்னாச்சு" என்று கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இருட்டு.

சமவெளியில் இப்படி விழித்துக்கொள்கிறவர் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு நடந்தாவது போவார். இங்கே முடியாது. கரடி நிற்கும், காட்டுமாடு நிற்கும், சிறுத்தையும் உண்டு. பாட்டில் நடு யாமத்தில் அடங்குகிற ஊர், எங்களுக்கு எட்டரை மணிக்கே அடங்கிவிடுகிறது. மழை நாளென்றால் இன்னும் மோசம். 2009 நவம்பர் நிலச்சரிவைப் பார்த்தவர்களில் சிலர், அடைமழை பிடித்துவிட்டால் இப்போதும் படுக்கையில் உட்கார்ந்தே விடிய விடியக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ராத்திரி எதற்கும் குறியீடு கிடையாது, மண் சரிகிற நேரம், அவ்வளவுதான். இன்னொன்று, குளிருக்கு என்று ஒரு கட்டிங். மது படுத்தவுடன் தூங்க வைக்கும், பின்னிரவுத் தூக்கத்தை உடைத்துவிடும். மூன்று மணிக்காரர்களுக்கு அது எரிகிற அடுப்பில் விறகு. (ஊட்டியில் இருப்பவர்களுக்கு என்ன டிப்ரெஷன் என்று கேட்கும் சென்னை நண்பர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது.)

குறள் ஒன்று எல்லோருக்கும் தெரியும்: "காலை அரும்பிப் பகலெல்லாம் போதாகி மாலை மலரும்இந் நோய்." காதல் நோய்க்கு அது சரி. கடும் மனச்சோர்வில் பலருக்கு இது அப்படியே திரும்பிவிடும். விடியும்போதே முழுசாக மலர்ந்துவிடும், பல் தேய்க்க எழுவதே மலையேறுவது போல இருக்கும், மாலையில் கொஞ்சம் கூம்பும். வீட்டில் தவறு நடப்பது இந்த இடத்தில்தான். காலையில் வேலைக்குப் போக முடியாமல் சுருண்டு கிடந்தவர் ஆறு மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசுவதைப் பார்த்து, "சாயங்காலம் நல்லாத்தானே இருக்க, காலையில என்ன நடிப்பு?" என்பார்கள். நடிப்பில்லை. நோயின் கடிகாரமே அப்படி ஓடுகிறது. எல்லோருக்கும் இப்படி இருக்காது, மாலையில் கூடுகிறவர்களும் உண்டு.

அப்புறம், இருட்டு என்ற சொல்லோடு வருகிறவர்கள் குறைவு. தேயிலை பறிக்கும் ஒரு அம்மா, லைன் வீட்டில் இருப்பவர், ஒரு வருடமாகத் தலை கனம், உடம்பெல்லாம் எரிச்சல் என்று ரத்தப் பரிசோதனை மேல் பரிசோதனையாக எடுத்துக்கொண்டிருந்தார். எத்தனை மணிக்கு எழுவீர்கள் என்று கேட்டதும் அழுதுவிட்டார். அதுவரை யாரும் கேட்கவில்லையாம்.

ஆகவே வீட்டில் ஒருவர் இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி விழித்தால், சாப்பாடும் பேச்சும் குறைந்தால், மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். சாகணும்னு தோணுதா என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது. கேரட், உருளை போடுகிறவர்கள் வீட்டில் பூச்சிமருந்து இருக்கும், அதைப் பூட்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உயிரை விட முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம். ராத்திரி மூன்று மணிக்கும் எடுக்கிற எண் 14416, டெலி-மனஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

சாருக்கு மாத்திரை தொடங்கினோம். இந்த மாத்திரைகள் பிடிக்க இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், பெரும்பாலும் தூக்கம்தான் முதலில் சரியாகும். இரண்டாம் முறை வந்தபோது விழிப்பு நான்கரைக்குத் தள்ளிப் போயிருந்தது. மூன்றாம் முறை மப்ளர் இல்லை. உட்கார்ந்ததுமே, "அன்னைக்கு அந்தப் பாட்டைக் குறிஞ்சின்னீங்க. அது நெய்தல்மா" என்றார். "குறிஞ்சில யாமம்னா காதலர் சேர்றதுக்கு. இது பிரிஞ்சு ஏங்குற இரங்கல்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே சார்?"

"அப்பவே தெரியும். திருத்தி என்ன ஆகப்போகுதுன்னு இருந்துச்சு."

"வர்ற வழியெல்லாம் இதேதான் டாக்டரம்மா, எங்கிட்ட முழுப் பாடமும் எடுத்துட்டாரு" என்றார் மனைவி, சிரித்துக்கொண்டே.