உவர்மண்ணில் பார்லி எதைப் பிடித்துக்கொள்கிறது?

கொட்டாஞ்சேனையிலிருந்து எழுதிய வாசகர் ஒருவர், யாழ்ப்பாணத்திலுள்ள தமது பரம்பரை வயல் உவராகிப்போனதைச் சொல்லி, நெல் கருகும் மண்ணிலும் பார்லி விளையும் என்கிறார்களே, அதற்குள் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். காய்ச்சல்காரருக்குக் கஞ்சி வைக்க வெள்ளவத்தையில் நாம் வாங்கும் அதே பார்லிதான். (கடைப் பார்லியை ஈரத்துணியில் முளைக்கப்போட்டு மூன்று நாள் காத்திருந்து ஏமாந்தவன் நான், தோலை உரசி வெளுக்கும்போது முளையமும் பெரும்பாலும் போய்விடுகிறது.)

மண்ணின் உவரை, அதை நனைத்துப் பிரித்தெடுத்த நீரின் மின்கடத்துதிறனைக் கொண்டு அளப்பார்கள். மீற்றருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டியதும் நெல்லின் விளைச்சல் சரியத் தொடங்கி, மேலும் ஏறும் ஒவ்வோர் அலகுக்கும் ஏறத்தாழ 12 வீதம் குறையும். பார்லியோ 8 வரை அசையாது; அதன் பின்னரும் அலகுக்கு 5 வீதமே இழக்கும். பார்லி இழக்கத் தொடங்கும் இடத்தில் நெல் ஏற்கெனவே 60 வீதத்தைத் தொலைத்திருக்கும் என்பது இதன் பொருள்.

உப்பு பயிரை இரு வழிகளில் தாக்குகிறது. மண்நீரின் செறிவு கூடுவதால் வேருக்கு நீர் எடுப்பது கடினமாகிறது. இது பாடசாலையில் படித்த பிரசாரணந்தான். பின்னர், உள்ளே புகுந்த சோடியம் இலைகளில் சேர்ந்து நஞ்சாகிறது. பார்லி சோடியத்தை முற்றாகத் தடுப்பதில்லை. பெருமளவை இலைக்கு ஏறவிட்டு, கலங்களுக்குள் நீர்ப்பைகள் போல இருக்கும் புன்வெற்றிடங்களில் அடைத்து வைக்கிறது.

என்னை வியக்கவைப்பது, இதற்கெல்லாம் முன்னர், உப்புப் பட்ட முதல் ஒரு மணிநேரத்தில் வேரில் நடப்பதுதான். வேர்க்கலத்தின் உட்புறம் வெளிப்புறத்தைவிட நூறு மில்லிவோல்ற்றுக்கும் அதிகமான மறை மின்னழுத்தத்தில் இருக்கிறது. நேரேற்றமுள்ள பொற்றாசியம் அயன்களை உள்ளே இருத்திவைப்பது அந்த அழுத்தமே. சோடியமும் நேரேற்றமுள்ளது ஆகையால், அது உள்ளே பாயப் பாய அழுத்தம் தளர்கிறது. மென்சவ்விலுள்ள பொற்றாசியக் கால்வாய்களில் ஒருவகை, அழுத்தம் தளரும்போது திறப்பவை. அவை திறந்துகொள்ள, கலம் சேமித்து வைத்திருந்த பொற்றாசியம் வெளியே ஒழுகத் தொடங்குகிறது. புரதம் கட்டுவதற்கும் பல நொதியங்கள் இயங்குவதற்கும் பொற்றாசியம் வேண்டும். சோடியம் அதன் இடத்தைப் பிடிக்குமே தவிர அதன் வேலையைச் செய்யாது. உவர்தாங்கும் பார்லி வகைகளில், ஐதரசன் அயன்களை வெளியே தள்ளும் பம்பிகள் விடாது இயங்கி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதால், அக்கால்வாய்கள் அதிகம் திறப்பதில்லை.

டாஸ்மேனியா பல்கலைக்கழகத்தில் சேர்கேய் ஷபாலாவின் குழுவினர், முளைத்துச் சில நாளேயான பார்லி வேரின் அருகே நுண்ணிய மின்வாய்களை நிறுத்தி, உப்பு சேர்த்த பின் கசியும் பொற்றாசியத்தை அளந்தார்கள். குறைவாகக் கசியவிட்ட வகைகளே, வளர்ந்த பின்னரும் உப்பைப் பெரும்பாலும் நன்றாகத் தாங்கின. முழுச் செடி சொல்ல வாரக்கணக்கில் எடுக்கும் செய்தியை ஒரு சிறுவேர் ஒரு மணிநேரத்தில் சொல்லிவிடுகிறது!

ஆனால் தாங்குவது வேறு, தானியம் தருவது வேறு. அடியிலிருந்து பக்கத்தண்டுகளாக மட்டங்கள் வெடித்து, அவற்றில் எத்தனை கதிராகின்றன, செடியின் மொத்த எடையில் எவ்வளவு மணிக்குப் போகிறது, எந்த நாளில் பூக்கிறது என்பவையே விளைச்சலைத் தீர்மானிக்கின்றன. பருவக் கடைசியில் மண் காயக் காய உப்பின் செறிவு ஏறுவதால், முந்திப் பூப்பது அதற்குள் மணியை நிரப்பிக்கொள்கிறது. துபாயில், காட்டுப் பார்லித் தாவரங்கள் 25ஐப் பார்க்கே என்ற பயிர்வகையுடன் கலந்து பெற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட சந்ததி வழிகளை, நன்னீரிலும் உவர்நீரிலும் இரண்டு ஆண்டுகள் வளர்த்துப் பார்த்தார்கள். இரண்டாம் நிறமூர்த்தத்தின் ஒரு பகுதி காட்டினத்திலிருந்து வந்திருந்தால், உவர்நிலத்தில் சராசரியாக 30 வீதம் கூடுதலாக விளைந்தது என்று 2016இல் அறிவித்தார்கள். இத்தகைய வயற்சோதனைக்குப் பணம் கொடுப்போர் குறைவு. ஆய்வுகூடத்தில் ஆறு மாதத்தில் முடிவதற்கே நிதி எளிதில் கிடைக்கிறது என்பது என் நெடுநாள் மனக்குறை.

வாசகருக்கு என் பதில்: பார்லி குளிர்காலப் பயிர், யாழ்ப்பாண வெயிலில் அதை நம்ப வேண்டாம். அம்பலாந்தோட்டையில் உருவாக்கப்பட்ட, உவர்தாங்கும் ஏரீ 354 நெல்லைப் பற்றி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். வயலுக்குக் கண்ணூறு பட்டிருக்கிறது, கழிப்புக் கழிக்கவேண்டும் என்று ஊரில் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் செலவில் மண்ணைப் பரிசோதிக்கலாம். கோடையில் உப்பு வெள்ளையாகப் பூத்த இடத்து மண்ணையும் பூக்காத இடத்து மண்ணையும் தனித்தனிப் பைகளில் எடுங்கள். ஒரே வயலில் பத்தடி தள்ளினாலே அளவு மாறிவிடும் என்பதால், இரண்டையும் கலந்துவிட வேண்டாம்.