சிறுநகரத்தின் விபத்துப் பதிவேட்டை எப்படி வாசிப்பது?

சாலைப் பாதுகாப்புத் தணிக்கைக்காக ஒரு சிறுநகரத்துக்குச் செல்லும்போது நான் முதலில் கேட்டு வாங்குவது அந்த ஊரின் விபத்துப் பதிவேட்டை. ஐந்தாண்டுப் பக்கங்களை வரிசையாகப் புரட்டினால், ‘காரணம்’ என்ற கட்டத்தில் ஏறக்குறைய ஒரே தொடர்தான் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கும்: ‘ஓட்டுநரின் கவனக்குறைவு’, இல்லையேல் ‘அதிவேகம்’. அதை எழுதியவரைக் குறை சொல்வதற்கில்லை. அந்தக் கட்டம் வழக்குக்காக, பொறுப்பு யாருடையது என்று தீர்மானிப்பதற்காக ஏற்பட்டது. அடுத்த விபத்தைத் தடுக்க நினைப்பவருக்கு வேண்டிய செய்தி வேறு. எந்த இடம், எந்த நேரம், யார் எந்தத் திசையிலிருந்து வந்தார், எந்தக் கோணத்தில் மோதினார்கள், வெளிச்சம் எப்படி இருந்தது என்பவை அதே பக்கத்தின் கீழ்ப்பகுதியில், நிகழ்ந்ததை விவரிக்கும் வரிகளில் சிதறிக் கிடக்கும். அவற்றைப் பொறுக்கி எடுத்து, ஊரின் வரைபடத்தில் ஒவ்வொரு விபத்துக்கும் ஒரு புள்ளி வைத்துப் பார்த்தால்தான் பதிவேடு பேசத் தொடங்கும்.

ஒரு முறை அப்படிப் புள்ளி வைத்தபோது, சாலையைக் கடக்க முயன்று அடிபட்டவர்களின் புள்ளிகள் ஒரே பேருந்து நிறுத்தத்தைச் சுற்றிக் குவிந்திருந்தன. பதிவேட்டின்படி அவை எல்லாமே தனித்தனிக் கவனக்குறைவுகள். ஒரு மாலை முழுவதும் அங்கே நின்றேன். ஜீப்ரா கிராசிங்குக்குச் சற்று முன்பாகப் பேருந்து நிற்கிறது. இறங்கியவர்கள் பேருந்தின் முன்பக்கமாக நடந்து சாலையைக் கடக்கிறார்கள். நிற்கும் பேருந்தைத் தாண்டிச் செல்லும் வாகனத்தின் ஓட்டுநருக்கு, அவர்கள் பேருந்தின் மறைவிலிருந்து வெளிப்படும் கணம் வரை ஒன்றும் தெரிவதில்லை. இருவருமே கவனமாக இருந்தாலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வழியில்லாத இடம் அது. நிறுத்தத்தைக் கிராசிங்குக்கு அப்பால் தள்ளி வைத்தால், இறங்குபவர்கள் பேருந்தின் பின்புறமாகக் கடப்பார்கள், பின்னால் வரும் வாகனத்துக்கும் தெரிவார்கள். உலகெங்கும் போக்குவரத்துப் பொறியாளர்கள் அறிந்த, செலவு மிகக் குறைந்த மாற்றம் இது. ஆனால் ‘கவனக்குறைவு’ என்று எழுதி மூடிய பக்கத்திலிருந்து அந்த மாற்றம் பிறக்காது.

இனி எண்ணிக்கைக்கு வருகிறேன். சிறுநகரங்களில் மிகப் பெரிய தவறுகள் நடப்பது இங்கேதான் என்பது என் கருத்து. ஒரு கணக்குக்காக, ஓர் ஊரில் ஆண்டுக்குச் சராசரியாக 5 பேர் சாலையில் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சாலையிலும் வாகனங்களிலும் மனிதர்களிலும் எந்த மாற்றமும் இல்லாமலே, தற்செயலின் விளையாட்டால் மட்டும், ஓராண்டில் 2 பேரும் மறு ஆண்டில் 8 பேரும் இறக்கக்கூடும். இவ்வளவு சிறிய எண்களின் இயல்பே அது. எட்டுப் பேர் இறந்த ஆண்டில் ஊர் கொதித்தெழும், கூட்டம் கூட்டப்படும், ஏதோ ஓர் இடத்தில் தடுப்போ விளக்கோ வைக்கப்படும். அடுத்த ஆண்டு எண்ணிக்கை நான்காகவோ ஐந்தாகவோ இறங்கும். அது தானாகவே இறங்கியிருக்கும், சராசரியை நோக்கித் திரும்பியிருக்கும். ஆனால் பாராட்டு அந்தத் தடுப்புக்குப் போய்ச் சேரும், அதையே மேலும் பத்து இடங்களில் வைக்கப் பணமும் ஒதுக்கப்படும். இதற்கு நேரெதிரான நிலை இன்னும் கவலைக்குரியது: தற்செயலாக 2 பேர் மட்டுமே இறந்த ஆண்டில், எல்லாம் சரியாகிவிட்டது என்று ஊர் நம்பிவிடும். ஒரு லட்சம் பேருக்கு எத்தனை மரணம் என்ற விகிதமும் இங்கே கைகொடுக்காது. 30,000 பேர் வாழும் ஊரில் ஒரே ஒரு மரணம் அந்த விகிதத்தை மூன்றுக்கு மேல் உயர்த்திவிடும்.

அதனால் ஒரு சிறுநகரத்தின் போக்கைச் சொல்ல வேண்டுமானால் மரணங்களோடு நிறுத்திக்கொள்ளாமல் கடுங்காயங்களையும் சேர்த்து, மூன்று முதல் ஐந்து ஆண்டுகளை ஒன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பெரும்பாலான ஊர்களில் காவல்துறையின் ஏட்டில் உள்ள காயங்களைவிட மருத்துவமனையின் ஏட்டில் உள்ளவை கூடுதலாகவே இருக்கும். தனியாகச் சறுக்கி விழுந்த இருசக்கர வாகனக்காரர், மிதிவண்டியிலிருந்து விழுந்த சிறுவர் போன்றவர்கள் காவல் நிலையத்தின் படியேறுவதே இல்லை. மரணங்களிலும் இப்படி ஒரு கசிவு நேர்கிறது. விபத்து நடந்து 30 நாட்களுக்குள் இறப்பவரையும் சாலை மரணமாகக் கணக்கிட வேண்டும் என்பது பன்னாட்டு வரையறை. சிறுநகரத்தில் தலையில் அடிபட்டவரை முதலுதவி செய்து பெருநகர மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். பத்து நாள் கழித்து அவர் அங்கே இறக்கிறார். செய்தி இங்கே திரும்பி வராவிட்டால், இந்த ஊரின் ஏட்டில் அவர் காயமடைந்தவராகவே நின்றுவிடுகிறார். மாதம் ஒரு முறை காவல் நிலைய எழுத்தரும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுப் பொறுப்பாளரும் உட்கார்ந்து இரு ஏடுகளையும் ஒப்பிட்டுக்கொண்டால் போதும், ஊரின் உண்மை நிலை வெளிப்படும். நான் பார்த்தவரை, இதைவிடக் குறைந்த உழைப்பில் இதைவிடப் பெரிய பயன் தரும் வேலை வேறில்லை.

உலக அளவில் இதன் பரிமாணத்தையும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட அறிக்கையின்படி 2021-இல் சாலைகளில் இறந்தோர் ஏறத்தாழ 11.9 லட்சம் பேர். 5 முதல் 29 வயது வரையிலானோரின் மரணத்துக்கு முதன்மைக் காரணம் நோயன்று, சாலைதான். இறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நடந்து சென்றவர்கள், மிதிவண்டியிலோ இருசக்கர, மூன்று சக்கர வாகனங்களிலோ சென்றவர்கள்; அதாவது உடலைச் சுற்றி இரும்புக்கூடு இல்லாதவர்கள். 2021-க்கும் 2030-க்கும் இடையில் இந்த இழப்பைப் பாதியாகக் குறைப்பதென ஐக்கிய நாடுகள் சபை இலக்கு வைத்திருக்கிறது.

சிறுநகரத்தில் கூடு இல்லாத இந்த உடல்களைச் சந்திப்பது பெரும்பாலும் ஊரின் ஊடே செல்லும் நெடுஞ்சாலையின் வேகம். அரை மணி நேரம் தடையின்றி விரைந்து வந்த ஓட்டுநருக்கு, ஊர் எல்லையில் சற்றே காலைத் தளர்த்தியதும் வண்டி ஊர்ந்து போவதாகத் தோன்றும். உண்மையில் வேகமானி 70-ஐக் காட்டிக்கொண்டிருக்கும். கண்ணும் உடலும் வேகத்துக்குப் பழகிப்போவதால் வரும் மயக்கம் இது. நல்ல ஓட்டுநர்களுக்கும் நேர்வது. எல்லையில் ஒரு பெயர்ப்பலகையும் வேக வரம்புப் பலகையும் நடுவதால் மட்டும் இம்மயக்கம் கலையாது. ஓட்டுநரின் கண்ணுக்குச் சாலையே வேறு சாலையாக மாறித் தெரிய வேண்டும்: பாதை குறுக வேண்டும், நடுவில் ஒரு திட்டு வர வேண்டும், ஓரத்தில் நடைபாதையும் மரமும் விளக்கும் தொடங்க வேண்டும். ஊரின் நுழைவாயில் என்று அதை நாங்கள் குறிப்பிடுவோம்.

பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் ஒரே கணக்கைத்தான் போட்டுக் காட்டுகிறேன். ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகும் என்று கொள்வோம். உலர்ந்த நல்ல சாலையில், மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் அந்த ஒன்றரை நொடியில் 21 மீட்டர் ஓடிவிடும். பிறகு பிரேக் பிடித்து நிற்க இன்னும் 14 மீட்டர். ஆக 35 மீட்டரில் நின்றுவிடும். 60 கி.மீ. வேகத்தில் வரும் கார் பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே 25 மீட்டரைக் கடந்திருக்கும். முதல் கார் முழுமையாக நின்றுவிட்ட அதே இடத்தில், இரண்டாவது கார் இன்னும் ஏறத்தாழ 43 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அங்கே ஒரு குழந்தை நின்றால், முதல் காரின் முன்னால் அது பயந்துபோய் அழும். இரண்டாவது காரின் முன்னால் என்ன ஆகும் என்பதை எழுத எனக்கு மனம் வரவில்லை. 30 கி.மீ. வேகத்தில் வரும் கார் 18 மீட்டருக்குள் நின்றுவிடும். மக்களும் வாகனங்களும் கலந்து புழங்கும் தெருக்களில் 30-ஐ வரம்பாக வைக்க வேண்டும் என்று 2020-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த உலக மாநாடு அறிவித்ததற்கு அடிப்படை இந்த இயற்பியல்தான். சராசரி வேகம் ஒரு விழுக்காடு கூடினால் உயிரிழப்பு விபத்துகள் ஏறக்குறைய நான்கு விழுக்காடு கூடும் என்பதும் பல நாட்டு அனுபவங்களிலிருந்து திரட்டப்பட்ட அறிவு.

வேகத்தைக் குறைப்பதென்றால் சிறுநகரத்தில் எல்லோர் நினைவுக்கும் முதலில் வருவது வேகத்தடை. ஒரு மரணம் நிகழ்ந்ததும், துக்கத்தின் சூட்டில் ஒரே இரவில் சாலையின் குறுக்கே எழும் மேடுகளை எத்தனையோ ஊர்களில் பார்த்திருக்கிறேன். அந்தத் துக்கத்தை மதிக்கிறேன். அந்த மேட்டை ஏற்க முடியவில்லை. முறையான வேகத்தடைக்கு அளவு உண்டு. 1970-களில் பிரிட்டனின் போக்குவரத்து ஆய்வுக்கூடத்தில் உருவான வடிவம் 3.7 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. சக்கரம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும் வளைவு அது. குட்டையாகவும் செங்குத்தாகவும் போடப்படும் மேடு காரை உலுக்குவதோடு நின்றுவிடும். இருசக்கர வாகனத்தில் பின்னால் அமர்ந்திருப்பவரையோ தூக்கி எறிந்துவிடும். முன்னெச்சரிக்கைப் பலகையும் வெள்ளைக் கோடும் ஒளிர்பட்டையும் இல்லாவிட்டால் இரவில் அந்த மேடே அடுத்த விபத்தின் இடமாகிவிடுகிறது. அப்போதும் பதிவேட்டில் ‘அதிவேகம்’ என்றே எழுதப்படும். ஆம்புலன்ஸும் பேருந்தும் ஓயாமல் செல்லும் முதன்மைச் சாலையில் வேகத்தடையைவிட, கடக்கும் இடத்தையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்துவதும், நடுவே நின்று இரண்டு கட்டமாகக் கடக்க ஒரு திட்டு அமைப்பதும் மேலானவை என்பதே என் அனுபவம்.

குண்டும் குழியுமாக இருந்த சாலை புதிதாகப் போடப்பட்டபின் காயங்கள் கடுமையாவது பலருக்குப் புதிராக இருக்கிறது. சாலை சீரானதும் வேகம் கூடுகிறது, அவ்வளவுதான். சாலையைச் சீராக்கக் கூடாது என்று இதற்குப் பொருளில்லை. தார் போடும் மதிப்பீட்டிலேயே நடைபாதை, கடவை, நுழைவாயில் ஆகியவற்றுக்கான செலவும் சேர்ந்திருக்க வேண்டும். புறவழிச்சாலைக்கும் இது பொருந்தும். அது திறக்கப்பட்டதும் லாரிகள் ஊரை விட்டு விலகுகின்றன, நல்லது. ஆனால் பழைய சாலை காலியாகி வேகம் ஏறுகிறது, பழைய சாலையும் புறவழிச்சாலையும் சேரும் இரண்டு முனைகளிலும் புதிய புள்ளிகள் குவியத் தொடங்குகின்றன.

நான்கு சாலைகள் கூடும் சந்திப்பில் வாகனப் பாதைகள் ஒன்றையொன்று முட்டக்கூடிய இடங்கள் 32. ஒரே தடம் கொண்ட ரவுண்டானாவில் அவை 8 மட்டுமே. அங்கே வேகமும் குறைவு, மோதினாலும் பக்கவாட்டில் உரசுவதாகவே பெரும்பாலும் அமையும். நேருக்கு நேராகவும் செங்குத்தாகவும் மோதும் உயிர்க்கொல்லி மோதல்கள் ஏறக்குறைய மறைந்தேவிடுகின்றன. ரவுண்டானாவுக்கு இடமில்லாத ஊர்களில் முனைகளை வெறுமனே காலி செய்வதே பெரிய மாற்றம் தரும். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஹோபோகென் என்ற, ஏறத்தாழ 60,000 பேர் வாழும் நகரம், தெருமுனைகளை ஒட்டி வாகனம் நிறுத்துவதைத் தடுத்து, நடப்பவரும் ஓட்டுபவரும் ஒருவரையொருவர் முன்கூட்டியே பார்க்கும்படி செய்தது. வேக வரம்பையும் குறைத்தது. 2017 ஜனவரிக்குப் பிறகு ஏழு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே ஒரு சாலை மரணம்கூட நிகழவில்லை. இத்தனை நீண்ட காலத் தொடர்ச்சியைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது.

தலைக்கவசம் பற்றிப் பலரும் எழுதிவிட்டதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பக்கத்துத் தெருவுக்குத்தானே என்று அதை வீட்டில் வைத்துவிட்டுப் புறப்படும் பழக்கம் சிறுநகரங்களுக்கே உரியது. தூரம் குறைவு என்பதால் தரையின் கடினம் குறைவதில்லை. தாடைப் பட்டையை மாட்டி அணிந்த தலைக்கவசம் இறப்பு வாய்ப்பை ஏறத்தாழ 42 விழுக்காடும் தலைக்காய வாய்ப்பை 69 விழுக்காடும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டிருக்கிறார்கள். பட்டை மாட்டாத தலைக்கவசம், விழும்போது தலை தரையில் படும் முன்பே கழன்று போய்விடக்கூடும்.

பொறியாளர் வரும்வரை ஊர் காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளியின் முன்போ, பேருந்து நிறுத்தத்தின் அருகிலோ, சாலையோரத்தில் 50 மீட்டரை நாடாவால் அளந்து இரண்டு முனைகளிலும் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். சாலைக்கு வெளியே பாதுகாப்பான இடத்தில் அமர்ந்து, முன்னால் வேறு வண்டி இல்லாமல் தடையின்றி வரும் ஒவ்வொரு வாகனமும் முதல் அடையாளத்திலிருந்து இரண்டாவது அடையாளத்தை அடைய எத்தனை நொடி எடுக்கிறது என்று ஸ்டாப் வாட்சில் பாருங்கள். 180-ஐ அந்த நொடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது கிடைக்கும்: 6 நொடி என்றால் 30, 3.6 நொடி என்றால் 50, 3 நொடி என்றால் 60. நூறு வாகனங்களை அளந்து, வேக வரிசையில் எழுதி, குறைந்த வேகத்திலிருந்து எண்ணி 85-ஆவது வாகனத்தின் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்; எங்கள் துறையில் நாங்கள் பயன்படுத்தும் அளவும் அதுதான். பள்ளி விடும் நேரத்தில் ஒரு முறை, இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு முறை அளந்து, நாளும் நேரமும் எழுதிய அந்தத் தாளை ஊர் நிர்வாகத்திடமும் சாலைத் துறையிடமும் கொடுங்கள். ஏதேனும் மாற்றம் செய்யப்பட்டால், மூன்று மாதம் கழித்து அதே இடத்தில், அதே கிழமையில், அதே நேரத்தில் மறுபடியும் நூறு வாகனங்களை அளந்து, அந்த 85-ஆவது எண் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.