அயர்ச்சி – பற்றவைத்த அலுமினியத் தகட்டில்

ஒரே தடவையில் ஏற்றினால் தாங்கிக்கொள்ளும் சுமைதான். அதுவே லட்சக்கணக்கான முறை ஏறி இறங்கினால் தகடு விரிசல் விடுகிறது. பொறியாளர்கள் இதை 'ஃபெடீக்' என்பார்கள், தமிழில் அயர்ச்சி.

ஃபெடீக், களைக்கச் செய்தல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. பிரெஞ்சுப் பொறியாளர் பொன்செலே 1839இல் அதை உலோகத்துக்கும் பயன்படுத்தினார். அதற்குப் பத்தாண்டு முன்பே ஜெர்மனியின் கிளவுஸ்தாலில் வில்ஹெல்ம் ஆல்பர்ட், சுரங்கச் சங்கிலிகளுக்குத் திரும்பத் திரும்பச் சுமையேற்றிச் சோதித்திருந்தார்.

தமிழில் சோர்வு, களைப்பு என்றும் எழுதுகிறார்கள். களைப்பு ஓய்வெடுத்தால் தீரும். உலோகத்தை எத்தனை நாள் சும்மா வைத்தாலும் சேர்ந்த சேதம் போகாது. அன்றாடப் பேச்சில் அதிகம் புழங்காத 'அயர்ச்சி'யைக் கலைச்சொல்லாக நிறுத்துவதே நல்லது. பழந்தமிழில் 'விழா அயர்தல்' என்றால் விழாக் கொண்டாடுதல். அந்தப் பொருள் இங்கே குறுக்கிடாது.

எஃகுக்கு ஓர் எல்லை உண்டு. தகைவு, அதாவது ஓர் அலகுப் பரப்பின் மேல் விழும் விசை, அதற்குக் கீழே இருந்தால் பொதுவாக அயர்ச்சி முறிவு வராது. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை இல்லை. பற்றவைத்த அலுமினிய இணைப்பின் அயர்ச்சி வலிமை, அதே வடிவ எஃகு இணைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். விரிசல் பெரும்பாலும் பிறப்பது வெல்டும் தகடும் சேரும் ஓரத்தில். அங்கே வடிவம் சட்டென்று மாறுவதால் தகைவு குவிகிறது. வெல்டு ஆறிச் சுருங்கும்போது தங்கிவிட்ட இழுவிசையும் அதோடு சேர்கிறது. அதனால்தான் வலிமை கூடிய உலோகக்கலவைக்கு மாறினாலும் இணைப்பின் ஆயுள் பெரிதாகக் கூடுவதில்லை.

பழுதுபார்ப்பில், சாய ஊடுருவல் சோதனை (விரிசலுக்குள் சாயத்தை ஊறவைத்து அதன் தடத்தைப் பார்க்கும் முறை) செய்து விரிசலின் நுனியை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். நுனியில் துளை போடுவது தற்காலிகத் தடுப்பு மட்டுமே. விரிசலை முழுதாகக் குடைந்தெடுத்து, எண்ணெயும் ஈரமும் நீக்கி, துருப்பிடிக்காத எஃகு பிரஷ்ஷால் ஆக்சைடு படலத்தைத் தேய்த்தெடுத்த பிறகே மறுபடி வெல்டு வைக்க வேண்டும். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். அந்தப் படலமோ 2,000 டிகிரி தாண்டினால்தான் உருகும். பிறகு வெல்டின் ஓரத்தைக் கிரைண்டரால் வழவழப்பாக்கலாம், அல்லது நுண்ணிய தட்டல்களால் அங்கே அமுக்கத் தகைவு (இழுப்புக்கு எதிராக உள்நோக்கி அழுத்தும் தகைவு) ஏற்றலாம். எந்திரத்தின் ஆயுளை நீட்டுவதில் இந்தக் கடைசி வேலைக்குப் பெரும்பங்கு உண்டு. அவசரத்தில் விடுபடுவதும் இதுதான். விரிசல்மேல் ஒட்டுத்தகடு வைத்துச் சுற்றிப் பற்றவைப்பதை மட்டும் தவிர்க்க வேண்டும்: அந்தத் தகட்டின் முனைகளிலேயே அடுத்த விரிசல் தொடங்கும்.