பாதைப் பெயர்ப்பு: ஷெல்லில் வழங்கும் ‘கன்வெர்ட் பாத்’ என்பதற்குத் தமிழ்

கணினியில் ஒரு கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் எழுத்துத் தொடருக்குப் ‘பாத்’ என்று பெயர். தமிழில் பாதை என்கிறோம். அதில் குறை இல்லை. சிக்கல், ஒரு முறையில் எழுதிய பாதையை வேறொரு முறையில் எழுதித் தரும் ‘பாத் கன்வர்ஷன்’ என்பதில்தான். அதைப் ‘பாதை மாற்றம்’ என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை.

‘பாத்’ ஜெர்மானிய மொழிக் குடும்பத்துப் பழைய சொல். நடந்து நடந்து உண்டான தடத்தைக் குறித்தது. 1965இல் மல்டிக்ஸ் இயங்குதளத்துக்காக, அடைவுக்குள் (ஃபோல்டர்) அடைவு என்று கிளைபிரியும் கோப்பு அமைப்பை வகுத்தபோது, வேரிலிருந்து கோப்புவரை பெயர்களை வரிசையாகச் சொல்ல வேண்டிய தேவை வந்தது. மல்டிக்ஸ் அந்தப் பெயர்களுக்கு இடையே ‘>’ குறியை வைத்தது, லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸ் சாய்கோட்டை (/) வைத்தது. விண்டோஸின் முன்னோடியான எம்எஸ்-டாஸ், 1983இல் வந்த 2.0 பதிப்பில் பின்சாய்கோட்டை (\) எடுத்துக்கொண்டது. காரணம், டாஸின் முதல் பதிப்பிலேயே கட்டளைகளின் விருப்பங்களைக் குறிக்கச் சாய்கோடு பயன்பட்டுவிட்டது. விண்டோஸும் லினக்ஸும் ஒரே கோப்பை இருவிதமாகச் சொல்வதற்கு அன்றைய முடிவும் ஒரு காரணம்.

பழந்தமிழில் வழிக்கு ஆறு என்றே பெயர். ஆற்றுப்படை அதிலிருந்து வந்தது; குறளின் ‘அறத்தாறு’ம் அதுதான். நெறி, தடம், அதர் ஆகியவையும் உண்டு. பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டாரத்தில் தமிழ் பேசுகிறவர்களுக்கு ‘வழி’ இன்னும் நெருக்கமானது. கோவை பஸ்ஸைப் பற்றிக் கேட்டால் ‘வேளந்தாவளம் வழி’ என்று தமிழரும் சொல்வார், மலையாளியும் சொல்வார். ஆனால் கணினிக்கு அது ஒத்துவரவில்லை. ‘கோப்பு வழி’ என்று எழுதினால் ‘கோப்பின் மூலமாக’ என்றுதான் தமிழ்க் காது கேட்கும். பாதைக்கு அந்தக் குழப்பம் இல்லை. தேசீயபாத என்று மலையாளத்திலும் வழங்குவதால் எல்லையின் இருபுறமும் விளங்கும்.

இனி ‘மாற்றம்’. சாலையில் பணி நடக்கும்போது ‘மாற்றுப் பாதையில் செல்லவும்’ என்று பலகை வைக்கிறார்கள். அதைப் பார்த்துப் பழகியவர் பாதை மாற்றம் என்றதும் கோப்பு வேறிடம் போய்விட்டது என்றே நினைப்பார். ஷெல்லில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் நிரலில், கோப்பு அசைவதே இல்லை; அதன் இருப்பிடம் வேறொரு முறையில் சொல்லப்படுகிறது, அவ்வளவுதான். மொழிபெயர்ப்பைப் போலப் பாதைப் பெயர்ப்பு என்பதே சரி. பெயர்த்தலுக்கு இடம்விட்டு எடுத்தல் என்ற பொருளும் உண்டு என்று சிலர் தடை சொல்லலாம். மொழிபெயர்ப்பு, எழுத்துப்பெயர்ப்பு என்ற நீண்ட வழக்கு அந்தப் பொருளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

சித்தூர் வட்டாரத்தில் இது ஏட்டளவில் நிற்கும் விவாதம் அல்ல. கேரள அரசுப் பள்ளிகள் கட்டற்ற லினக்ஸில் கணினி கற்பிக்கின்றன. தமிழ் வழியில் படிக்கும் மாணவர் வீட்டுக்கு வந்தால் அங்கே இருப்பது பெரும்பாலும் விண்டோஸ். ‘சி:\பாடம்\கணக்கு.டிஎக்ஸ்டி’ என்ற கோப்பு, விண்டோஸுக்குள் இயங்கும் லினக்ஸில் ‘/எம்என்டி/சி/பாடம்/கணக்கு.டிஎக்ஸ்டி’ ஆகிறது. இந்தப் பெயர்ப்பைச் செய்ய அங்கே டபிள்யூஎஸ்எல்பாத் கட்டளையும், விண்டோஸில் யூனிக்ஸ் கட்டளைகளை இயக்க உதவும் சிக்வினில் சிக்பாத் கட்டளையும் இருக்கின்றன. விண்டோஸ் பாதையை மேற்கோள் குறிக்குள் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பாஷ் ஷெல் பின்சாய்கோட்டை அடுத்த எழுத்தின் தனிப்பொருளை நீக்கும் குறியாக எடுத்துக்கொண்டு விழுங்கிவிடும்.

மைக்ரோசாஃப்ட் 2006இல் வெளியிட்ட பவர்ஷெல் என்ற ஷெல்லில் பெயர்ப்பு இன்னும் நுட்பமானது. நீண்ட பாதை ஒன்றுக்கு ‘பாடம்:’ என்பதுபோல் நாமே ஒரு டிரைவ் பெயர் சூட்டிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பெயர் அதைச் சூட்டிய அமர்வுக்குள், அதாவது அந்த ஷெல்லை மூடும்வரை மட்டுமே செல்லும். வெளி நிரலுக்கு அது விளங்காது. ஊருக்குள் ‘மேட்டுத் தோட்டம்’ என்றால் எல்லோருக்கும் தெரியும், பத்திரப் பதிவுக்குப் போனால் சர்வே எண்ணைத்தானே கேட்பார்கள்? ‘கன்வெர்ட்-பாத்’ அந்தச் சர்வே எண்ணை எடுத்துத் தருகிறது. ‘ரிசால்வ்-பாத்’ வேறு: அது, எந்தப் பெயருக்கும் பொருந்தும் ‘*’ போன்ற குறிகளை விரித்து, பவர்ஷெல்லுக்குள் வழங்கும் பாதையையே காட்டும். ஆகவே அதைப் பாதை விரிப்பு எனலாம். இல்லாத கோப்பைக் கேட்டால் இந்த இரண்டு கட்டளைகளுமே பிழை காட்டும். இன்னும் உருவாக்காத கோப்புக்கு, அடைவை முதலில் பெயர்த்துவிட்டு ‘ஜாயின்-பாத்’ கொண்டு கோப்பின் பெயரைச் சேர்க்க வேண்டும்.

கேட்காமலே நடக்கும் பெயர்ப்பும் ஒன்று உண்டு. விண்டோஸில் கிட் என்ற நிரலோடு வரும் கிட் பாஷ் ஷெல்லில், சாய்கோட்டில் தொடங்கும் எதையும் பாதை என்று கருதி, விண்டோஸ் நிரலுக்கு அனுப்பும்போது ஷெல் தானாகவே பெயர்த்துவிடும். ‘/பாடம்’ என்று கொடுத்தால், கிட் நிறுவப்பட்ட அடைவின் பெயர் அதன் முன்னால் ஒட்டிக்கொள்ளும். கோப்பு காணவில்லை என்ற பிழைச்செய்தியில் நாம் எழுதாத நீண்ட பாதை தெரிந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ‘எம்சிஸ்_நோ_பாத்கன்வ்’ (MSYS_NO_PATHCONV) என்ற சூழல்மாறிக்கு, அதாவது ஷெல் பார்த்து நடக்கும் அமைப்புப் பெயருக்கு, 1 என்று மதிப்புக் கொடுத்தால் அந்தப் பெயர்ப்பு நின்றுவிடும்.