தேக்குக் கதவுக்கு மறுபாலிஷ்: பழையதை உரிப்பதில் நடக்கும் தவறுகள்

பாலிஷ் போட்ட ஆறே மாதத்தில் தலைவாசல் கதவு செதில் செதிலாக உரிந்தால் எல்லோரும் புது பாலிஷைத்தான் திட்டுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி அதற்கு அடியில் இருக்கிறது.

கதவின்மேல் இருப்பது என்ன என்று முதலில் பாருங்கள். கீல் பக்க விளிம்பில், கண்ணுக்குப் படாத இடத்தில், ஸ்பிரிட் நனைத்த பஞ்சை இரண்டு நிமிடம் வையுங்கள். பிசுபிசுத்தால் அது அரக்கில் செய்த பிரெஞ்சு பாலிஷ். அதற்கு ஸ்பிரிட்டும் தேங்காய் நாரும் போதும், பூச்சை இளக்கி உரிக்கும் ரிமூவருக்குச் செலவு வீண். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்குக் கரைந்தால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர். இரண்டுக்கும் மசியாவிட்டால் மெலமைன், பி.யூ. (பாலியூரிதேன்) அல்லது பழைய எண்ணெய் வார்னிஷ். இவற்றுக்குத்தான் ரிமூவர்.

பெயின்ட் அடித்த பழைய கதவு என்றால் கதையே வேறு. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில் ஈயம் உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதை உலர்வாக உப்புத்தாளால் தேய்க்கவும் கூடாது, புளோ லேம்ப் தீயால் சுடவும் கூடாது. அந்தத் தூளும் புகையும் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வர வேண்டாம். தரையில் பாலிதீன் விரித்து, ஈரப்படுத்தியே சுரண்டுங்கள். விழுந்ததைப் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

ரிமூவரை வெளியே, நிழலில், கதவைக் கழற்றிப் படுக்கவைத்துப் பூசுவதே நல்லது. பல ரிமூவர்களில் இருக்கும் மெத்திலீன் குளோரைடின் ஆவி காற்றைவிடக் கனமானது, மூடிய அறையில் தரையோடு தேங்கி ஆளையே மயக்கிவிடும். தூசுக்கான முகக்கவசம் அதைத் தடுக்காது. ஒரே திசையில் தடிப்பாகப் பூசி, மேலே பாலிதீன் போர்த்தி 15 முதல் 20 நிமிடம் விடுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் ஆவி பறந்து, பூச்சு பாதியிலேயே காய்ந்துவிடும். பிறகு முனை மழுங்கிய பட்டித் தகட்டால், ரேகை வாட்டத்திலேயே வழியுங்கள். சித்திர வேலைப்பாட்டில் மூங்கில் குச்சியும் நைலான் பிரஷும் போதும். இரும்புக் கம்பி பிரஷின் துகள் தங்கினால், ஈரம் பட்டதும் மரத்தில் கறுப்புப் புள்ளி விழும்.

பலர் கோட்டை விடுவது இதற்கு அடுத்த படியில். ஆவி சீக்கிரம் பறக்காமலிருக்க ரிமூவரில் மெழுகு சேர்த்திருப்பார்கள். வழித்தபின் தின்னர் நனைத்த துணியை மாற்றி மாற்றி இரண்டு தடவையாவது துடைக்காவிட்டால் அந்த மெழுகு மரத்திலேயே நின்றுவிடும், புது பாலிஷ் பிடிக்காது. ஆறு மாதத்தில் உரிவதற்கு இதுவே வழக்கமான காரணம்.

காஸ்டிக் சோடா மலிவு என்பதால் சிலர் அதைக் கரைத்து ஊற்றுகிறார்கள். தேக்கு கறுத்துவிடும், நார் எழும்பும், வெனீர் (மெல்லிய மரத்தாள்) ஒட்டிய கதவென்றால் பசையே விட்டுவிடும். வேண்டவே வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

மழைநீர் பட்ட கறுப்புக் கறைக்கு, ஒரு லிட்டர் வெந்நீரில் 50 முதல் 60 கிராம் ஆக்சாலிக் அமிலத்தைப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, கறையில் மட்டுமல்லாமல் பலகை முழுக்கப் பூசுங்கள். இல்லையென்றால் திட்டுத் திட்டாக வெளுக்கும். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவுங்கள். மிச்சம் காய்ந்து படிந்தால், தேய்க்கும்போது அந்தத் தூள் மூக்கிலும் தொண்டையிலும் எரியும்.

நிழலில் இரண்டு மூன்று நாள் காயட்டும். 80, 120, 180 என்று சொரசொரப்பு குறையும் வரிசையில் உப்புத்தாள் போடுங்கள். வெனீர் கதவில் 80-ஐத் தொடாதீர்கள், ஒரு தேய்ப்பிலேயே அடிப்பலகை தெரிந்துவிடும். பொங்கலுக்குள் முடிக்கச் சொல்லி அவசரப்படுத்தும் வீடுகள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் என்.சி. லேக்கர் அடித்தால் பால் படர்ந்ததுபோல் வெளுத்துவிடும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருப்பதால், முதல் கோட்டுக்குச் சற்றுமுன் தின்னரால் இன்னொரு முறை துடையுங்கள். துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், வெளியே விரித்துக் காயப்போடுங்கள். ஆளி எண்ணெய் பட்ட துணியென்றால் தானாகவே தீப்பிடிக்கும்.