'ஜெங்குயே' சொல்லும்போது மூக்கு எங்கே வேலை செய்கிறது?

போலந்துக்குப் படிக்கவும் வேலைக்கும் கிளம்புகிற நம்மவர்களுக்குப் போலிஷ் உச்சரிப்புப் பயிற்சி கொடுக்கிறேன். அந்த மொழியில் 'ஏ' (a), 'ஈ' (e) என்ற இரண்டு ரோமன் எழுத்துகளுக்கு அடியில் சின்ன வால் உண்டு, ஒகோனெக் என்பார்கள். வால் வைத்த 'ஏ' மூக்கொலி கலந்த ஒகரம், வால் வைத்த 'ஈ' மூக்கொலி கலந்த எகரம். இதை மட்டும் படித்துவிட்டு வருபவர்கள் வால் கண்ட இடமெல்லாம் மூக்கால் இழுக்கிறார்கள். கெடுவது அங்கேதான்.

நன்றி சொல்லும் 'ஜெங்குயே'யில் இரண்டு வால் எகரங்கள் இருக்கின்றன. முதலாவதை அடுத்து 'க்' வருவதால், அது வெறும் எகரமும் 'ங்'கும்தான். கடைசியில் வருவது அன்றாடப் பேச்சில் சாதாரண 'எ'. அடுத்து வரும் வல்லினத்துக்கு ஏற்ப மெல்லினம் மாறும்: கைக்கு 'ரெங்கா', மூலைக்கு 'கொந்த்', பற்களுக்கு 'ஸெம்பி', ஐந்துக்கு 'பியெஞ்ச்'. ங், ஞ், ந், ம் என்று தனித்தனி எழுத்து வைத்திருக்கும் நமக்கு இது கைவந்த கலை.

ஆனால் இதே பழக்கம்தான் நம் காலையும் வாருகிறது. சங்கு, பஞ்சு, பந்து என்னும்போது மெல்லினத்துக்குப் பின் வல்லினத்தை நாம் தானாகவே அதிரவிடுகிறோம். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான ஒலியைப் படமாக வரைந்து காட்டும் 'ப்ராட்' என்ற இலவச மென்பொருளில் மாணவர்களின் குரலைப் போட்டுக் காட்டுவேன். நம்மவர் 'ரெங்கா' சொன்னால், 'க' வரும் இடத்திலும் படத்தின் அடியில் குரல்நாண் அதிர்வு ஒரு கருங்கோடாக ஓடும். போலந்துக்காரர் சொன்னால் அந்த இடம் வெள்ளையாக இருக்கும். பிறகுதான் 'க்' வெடிக்கும். 'பக்கம்' என்பதில் வரும் அழுத்தமான 'க்'கை அங்கே கொண்டுவாருங்கள்.

உண்மையான மூக்கு வேலை ஸ், ஷ் போன்ற உரசொலிகளுக்கு முன்னால் நடக்கிறது. மீசையைக் குறிக்கும் சொல்லின் படம் எனக்கு மிகவும் பிடித்தது. வ், வால் ஒகரம், ஸ்: அவ்வளவுதான் சொல். ஒகரத்தின் முற்பகுதி பூனையைக் குறிக்கும் 'கொத்' சொல்லின் ஒகரம் போலவே சுத்தமாகத் தெரியும். பிறகு உள்நாக்குப் பக்கத்து மென்னண்ணம் இறங்கி மூக்குவழி திறக்கும். 250 ஹெர்ட்ஸை ஒட்டி ஆற்றல் கூடும். முதல் ஃபார்மன்ட், அதாவது படத்தில் ஒலியின் ஆற்றல் திரண்டு தெரியும் முதல் பட்டை, மங்கி அகலும். உதடு குவிவதால் இரண்டாவது ஃபார்மன்ட் சரியும். மூக்கொலி உயிருக்குள் முழுதாகக் கரைவதில்லை, அதன் வாலாகப் பின்னால் வருகிறது. பிரெஞ்சு உயிர்களைப் போலத் தொடக்கத்திலிருந்தே மூக்கால் சொன்னால் செயற்கையாக ஒலிப்பது இதனால்தான். இதைச் சொல்லாமல் 'மூக்குயிர்' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடும் பாடநூல்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு.

லகரத்துக்கு முன்னால் மூக்கொலியே கிடையாது.

சொல்லின் கடைசியில் வரும் வால் ஒகரத்துக்குப் பேச்சுத் தமிழே துணை. 'மரம்' என்பதை வீட்டில் பேசுகிறபடி, உதட்டை மூடாமல் சொல்லிப் பாருங்கள். அந்த முடிவோடு உதட்டை உகரத்துக்குக் குவித்தால் போதும். 'ம்' என்று மூடினால் அது வட்டார வழக்காகிவிடும். வார்சாவில் நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.