துணி சுற்றிய விரலில் ஊற்றிய ஐந்து ரூபாய்ப் பசை

ராமநாதபுரம் கடற்கரையில், மண்டபம் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்திருந்தார். கடல்பாசி எடுக்கப் போகிறவர். பாரில், அதாவது கடலடிப் பாறையில், கை உரசி ஆள்காட்டி விரல் கிழிந்துவிட்டது. கரைக்கு வந்ததும் பழைய பருத்திச் சேலையைக் கிழித்துச் சுற்றியிருக்கிறார். ரத்தம் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த யாரோ பெட்டிக்கடை டியூப் பசையை வாங்கி வந்து, அந்தத் துணி மேலேயே ஊற்றிவிட்டார்கள்.

"தீ வச்ச மாதிரி சுட்டுச்சு டாக்டரம்மா."

சுடத்தான் செய்யும். அந்தப் பசை இறுகும்போது வெப்பம் வரும். பருத்தித் துணியில் பட்டால் மளமளவென்று இறுகி, அத்தனை சூடும் ஒரே நேரத்தில் வெளியேறும். துணியை மெதுவாக ஊற வைத்துப் பிரித்தேன். வெட்டு ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. சுற்றி இருந்த கொப்பளம்தான் பெரிது. விரலில் துணி சுற்றிக்கொண்டே பாசி எடுக்கிற ஊரில் இதை முதலில் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன்.

திட்டலாம் என்று வாயைத் திறந்தால் அவர் முந்திக்கொண்டார். "எம் பேரனுக்கு நெத்தியில நீங்க பசைதானே போட்டு விட்டீங்க?"

நியாயமான கேள்வி. இரண்டும் சயனோஅக்ரிலேட் என்ற ஒரே குடும்பம்தான். 1942-ல் துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிக்கொண்டிருந்த அமெரிக்க வேதியியலாளர் ஹாரி கூவர் குழுவினர் கையில் இது சிக்கியது. தொட்டதில் எல்லாம் ஒட்டிக்கொள்கிறதே என்று ஒதுக்கிவிட்டார்கள். 1951-ல் மறுபடி கவனித்து, 1958-ல் பசையாகவே விற்பனைக்கு வந்தது. வியட்நாம் போரில் ரத்தக் கசிவை நிறுத்தக் காயங்கள் மேல் தெளித்தும் பார்த்தார்கள். பசை நன்றாக ஒட்டியது. ஆனால் அந்தப் பழைய வகை உடம்பில் சீக்கிரம் சிதைந்து ஃபார்மால்டிஹைடை விடும், சதையைப் புண்ணாக்கும். கடையில் விற்பது பெரும்பாலும் எத்தில் வகை, அதுவும் அந்த ரகம்தான். கிருமி நீக்கியதும் கிடையாது. நாங்கள் வைத்திருப்பது பியூட்டைல், ஆக்டைல் வகைகள். மூலக்கூறின் வால் நீளம் கூடக் கூட சிதைவது மெதுவாகும், சூடும் குறையும். ஆக்டைல் வகையைத் தோல் காயத்துக்கு அமெரிக்காவில் அனுமதித்தது 1998-ல்.

பேரன் கதை வேறு. திண்ணையில் விழுந்து நெற்றியில் நேர்க்கோடாக ஒரு பிளவு. மண் இல்லை, ஆழம் இல்லை, ரத்தமும் நின்றுவிட்டது. கழுவினோம். இரண்டு ஓரத்தையும் விரலால் சேர்த்துப் பிடித்தோம். மேலே மட்டும் மூன்று நான்கு மெல்லிய பூச்சு, ஒரு நிமிடம் பிடித்திருந்தோம், அவ்வளவுதான். நாலு பேர் பிள்ளையை அமுக்கிப் பிடிக்கிற வேலை இல்லை, ஊசி இல்லை, தையல் பிரிக்க வர வேண்டியதில்லை. ஐந்திலிருந்து பத்து நாளில் பொருக்கு மாதிரி தானே உதிர்ந்துவிடும். தழும்பும் தையலுக்கு ஈடாகத்தான் இருக்கும். காயம் பிரிந்துகொள்ளும் வாய்ப்பு மட்டும் தையலைவிடச் சற்றுக் கூடுதல்.

பலருக்குத் தெரியாதது, பசை காயத்துக்குள் போகக் கூடாது. உள்ளே போனால் இரண்டு சதைக்கும் நடுவில் சுவர் எழுப்பியது மாதிரி, சேரவே விடாது.

இனி கடல் காயத்துக்கு வருவோம். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எந்தக் கரையிலிருந்து வந்தாலும் எனக்கு வருகிற கேள்வி ஒன்றுதான்: "தையல் போட்டா பத்து நாள் தொழில் போயிரும், ஒட்டி விட்டுருங்களேன்." ஒரு அண்ணன் சொன்னார், "தடைக்காலமா இருந்தா நீங்க எப்படி வேணா தைங்க" என்று. ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடை தொடங்கி விசைப்படகைக் கரையில் கட்டிப்போட்டால் 61 நாள் சும்மாதானே! அவர் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் ஒட்டிவிட்டால் மறுநாள் கடலுக்குப் போகலாம் என்பது தப்புக் கணக்கு. உப்புத் தண்ணீரில் ஊறினால் பசை கழன்று வந்துவிடும். கயிறு இழுக்கிற உள்ளங்கையிலும் விரல் மடிப்பிலும் ஒட்டினால் ஒரே இழுப்பில் பிரிந்துவிடும்.

அதைவிடப் பெரிய தொல்லை உள்ளே கிடக்கிற சரக்கு. திருக்கை முள்ளும் கெளுத்தி முள்ளும் வெளியே சின்ன ஓட்டையாகத்தான் தெரியும். அடியில் முறிந்த துண்டு இருக்கும், விஷம் இருக்கும், கடல்நீர்க் கிருமியும் இருக்கும். பவளப்பாறை வெட்டில் கண்ணுக்குத் தெரியாத பொடி தங்கிவிடும். இதன் மேல் மூடி போட்டால் சீழ் போக வழியில்லை. விப்ரியோ என்ற கடல் கிருமி சர்க்கரை நோயாளிக்கும் குடியால் கல்லீரல் கெட்டவருக்கும் ஓரிரு நாளில் காலையே அழுக வைக்கும், உயிரையும் எடுக்கும். அதனால் இந்தக் காயங்களை நன்றாகக் கழுவி, திறந்தே விட்டு, நாலைந்து நாள் கழித்துச் சுத்தமாக இருந்தால்தான் மூடுவதைப் பற்றி யோசிப்போம். நாய் கடிக்கும் பசை கிடையாது.

திருக்கை குத்தினால் பசையைத் தேட வேண்டாம், வெந்நீர் தேடுங்கள். 45 டிகிரிக்கு மேல் போகாமல், பொறுக்கிற சூட்டில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஊற வையுங்கள். சூட்டைக் குத்துப்படாத கையால் பார்க்க வேண்டும், வலியில் மற்றதற்குச் சூடு தெரியாது. முள் நெஞ்சிலோ வயிற்றிலோ நின்றால் பிடுங்காமல் அப்படியே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) எப்போது போட்டது என்பதையும் நினைவுபடுத்திக்கொண்டு வாருங்கள்.

ஒட்டிய காயத்தை வீட்டில் கெடுப்பது பெரும்பாலும் தேங்காய் எண்ணெய்தான். அந்தப் பேரனுக்கும் மூன்றாம் நாள் ஆத்தா எண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் பூசிவிட்டார். எண்ணெயும் களிம்பும் பசையை இளக்கிவிடும். லேசாகக் குளிக்கலாம், தேய்க்காமல் ஒற்றித் துடைக்கலாம். பூசுவதற்கு ஒன்றும் வேண்டாம்.

ரத்தம் உறைகிற முறையைப் பார்த்துச் செய்த பசையும் உண்டு, ஃபைப்ரின். ஃபைப்ரினோஜென், த்ராம்பின் என்ற இரண்டு ரத்தப் புரதங்களும் சேர்ந்த இடத்தில் இறுகும். நம் கரையில் இதை அதிகம் பயன்படுத்தக்கூடியவர்கள் கண் மருத்துவர்கள். வருடக்கணக்கில் வெயிலிலும் காற்றிலும் கடலைப் பார்த்தவர்களுக்குக் கருவிழி மேல் சதை வளர்ந்து வருமே, அதை எடுத்த இடத்தில் மேல் இமை மறைக்கிற இடத்திலிருந்து வெள்ளை விழியின் மெல்லிய சவ்வை எடுத்து வைத்து ஒட்டுவார்கள். தைத்தால் நாள்கணக்கில் மணல் விழுந்த மாதிரி உறுத்தும். சிலர் அங்கே கசிகிற நோயாளியின் சொந்த ரத்தத்தையே வைத்து ஒட்டிவிடுகிறார்கள்.

கண் என்றதும் இன்னொன்று. கடைப் பசை டியூபும் கண் மருந்துப் புட்டியும் ஒரே அலமாரியில் இருக்க வேண்டாம். இருட்டில் எடுத்துக் கண்ணில் விட்டுவிட்டால் உடனே நல்ல தண்ணீரால் நிறையக் கழுவுங்கள். இமை ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள், அசிட்டோனோ நகப்பூச்சு நீக்கியோ பக்கத்தில் கொண்டு போகாதீர்கள். மெல்ல மெல்ல அதுவாகவே விட்டுவிடும், ஆனாலும் கருவிழி கீறியிருக்கலாம், அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள்.